இன்ஜினிலிருந்து எடுக்கும் காற்று: விமானத்தின் அறையழுத்தம், குளிரூட்டல், உறைபனித் தடுப்பு

பயணிகள் விமானங்கள் வழக்கமாகப் பறக்கும் 35,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 238 ஹெக்டோபாஸ்கல் அளவில் இருக்கிறது. வெப்பநிலையோ உறைநிலைக்குக் கீழே 54 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிவிடுகிறது. அந்தக் காற்றிலும் ஆக்சிஜனின் விகிதம் தரையில் உள்ள அதே 21 விழுக்காடுதான் என்றாலும், அதை நுரையீரலிலிருந்து குருதிக்குள் செலுத்தப் போதிய அழுத்தம் இல்லாததால், காப்பின்றி அங்கே வெளிப்படும் ஒருவர் தெளிவாகச் சிந்தித்துச் செயல்படக்கூடிய நேரம் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரைதான் நீடிக்கும். ஆகவே அறைக்குள் அழுத்தத்தைப் பேணுதல், உள்ளே வரும் காற்றை மூச்சுக்கு ஏற்ற வெப்பநிலைக்குக் கொண்டுவருதல், இறக்கையிலும் இன்ஜின் வாயிலிலும் உறைபனி படியாமல் தடுத்தல், இவை அனைத்துக்கும் வேண்டிய அழுத்தக் காற்றைப் பெற்றுக் குழாய்வழியே பகிர்தல் ஆகிய நான்கு பணிகள் எந்த ஜெட் விமானத்திலும் ஒருசேர நடந்தாக வேண்டியிருக்கிறது. பாடநூல்கள் இவற்றைத் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்து விளக்குகின்றன. விபத்து அறிக்கைகளைத் தொடர்ந்து படிப்பவருக்கோ, இவை ஒரே அமைப்பின் உறுப்புகள் என்பதும், உறுப்புகளைவிட அவை ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களிலேயே ஆபத்து மிகுதியாகப் பதுங்கியிருக்கிறது என்பதும் விளங்கும்.

ஜெட் இன்ஜின் தன் முன்வாயில் வழியே இழுக்கும் காற்றைப் பல அடுக்குகளாகச் சுழலும் தகடுகளால் அமுக்கி, எரிபொருளோடு சேர்த்து எரிக்கிறது. எரிப்பறையை அடைவதற்கு முன்பே, அமுக்கப்பட்ட அக்காற்றில் ஒரு சிறு பங்கைப் பக்கவாட்டுத் துளைகள் வழியே பிரித்தெடுப்பதைப் பொறியாளர்கள் ‘பிளீட்’ என்கிறார்கள். போயிங் 737 விமானங்களில் பொருத்தப்பட்ட சிஎஃப்எம்56 இன்ஜினில் இந்தக் காற்று அமுக்கியின் 5ஆம் அடுக்கிலிருந்தும் 9ஆம் அடுக்கிலிருந்தும் எடுக்கப்படுகிறது. இன்ஜின் முழு வேகத்தில் ஓடும்போது கீழடுக்கின் அழுத்தமே போதுமானது. விமானம் இறங்குகையில் இன்ஜினின் வேகம் தணிந்து கீழடுக்கின் அழுத்தம் வீழ்ந்துவிடுவதால் மேலடுக்கின் வால்வு தானே திறந்துகொள்கிறது. வெளிவரும் காற்றின் வெப்பம் சில நிலைகளில் 400 டிகிரியையும் தாண்டக்கூடும் என்பதால், முன்விசிறியிலிருந்து வரும் குளிர்ந்த காற்றைக் கொண்டு அதை ஏறத்தாழ 200 டிகிரிக்குத் தணித்து, அழுத்தத்தையும் ஒரு வரம்புக்குள் நிறுத்திய பிறகே இறக்கைக்குள் ஓடும் குழாய்களுக்கு அனுப்புகிறார்கள். தணித்த பின்னும் அது எரிபொருள் தொட்டிகளுக்கும் மின்கம்பிகளுக்கும் அருகே ஓடும் கொதிகாற்றுதான். எனவே குழாய்களை ஒட்டி, உப்புக்கலவை நிரம்பிய மெல்லிய உணரிக் குழல்கள் ஓடுகின்றன. கசியும் காற்றால் ஓரிடம் சூடேறினாலும் அக்கலவையின் மின்தடை சட்டென வீழ்ந்து விமானி அறைக்கு எச்சரிக்கை போய்விடும்.

பிளீட் காற்று இலவசமாகக் கிடைப்பதன்று. அமுக்குவதற்கு எரிபொருள் செலவான பிறகு உந்துவிசைக்குப் பயன்படாமல் போகும் காற்று அது. எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவுக்கு உந்துவிசை குறையும். வெப்பம் மிகுந்த நாளில், உயரமான இடத்திலோ குறுகிய ஓடுபாதையிலோ புறப்படும்போது, பிளீட்டை மூடிவிட்டு ஏறி, பாதுகாப்பான உயரம் வந்ததும் திறப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறையாக இருப்பது இதனால்தான். அந்த நடைமுறை, திறக்க வேண்டியதை ஒருவர் மறவாமல் திறப்பார் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது என்பதைப் பின்னால் நினைவில் கொள்ள வேண்டியிருக்கும்.

கொதிகாற்றைக் குளிர்காற்றாக மாற்றும் கருவிக்குப் ‘பேக்’ என்பது தொழில்வழக்குப் பெயர். பெரும்பாலான விமானங்களில் இது இரண்டு இருக்கும். வீட்டுக் குளிர்சாதனத்தில் உள்ளதுபோல ஆவியாகிக் குளிரும் வாயு எதுவும் இதில் இல்லாமல், காற்றே காற்றைக் குளிர்விக்கிறது. வந்த காற்று முதலில் வெளிக்காற்று பாயும் வெப்பமாற்றி ஒன்றில் சூடிழந்து, ஒரு சிறு அமுக்கியால் மேலும் அமுக்கப்பட்டு, இரண்டாம் வெப்பமாற்றியில் மீண்டும் சூடிழந்து, பிறகு ஒரு டர்பைனைச் சுழற்றியபடி விரிகிறது. விரியும்போது தன் ஆற்றலை வேலையாகக் கொடுத்துவிடுவதால் அதன் வெப்பநிலை உறைநிலையை ஒட்டியோ அதற்கும் கீழோ போய்விடுகிறது. அந்த டர்பைன் தரும் வேலையே சிறு அமுக்கியைச் சுழற்றுவதால் வெளியிலிருந்து மின்சாரம் வேண்டியதில்லை. ஈரம் மிகுந்த கடலோர நகரங்களில் விமானம் தரையில் நிற்கும்போது கூரையோரத் துவாரங்களிலிருந்து புகைபோல் வெண்மையாக வழிவது இந்தக் குளிரில் திரண்ட நீராவிதான். முதல்முறை பறப்பவர்கள் அதைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம் ஏதுமில்லை. குளிர்ந்த காற்றோடு, அறையிலிருந்து திரும்ப எடுத்து வடிகட்டிய காற்றும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்து உள்ளே அனுப்பப்படுகிறது. அந்த வடிகட்டிகள் 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்து நிறுத்தும் வகையைச் சேர்ந்தவை. வெளிக்காற்றில் ஈரமே இல்லாததால் நெடுந்தூரப் பயணத்தில் அறையின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கி, தொண்டையும் கண்ணும் வறண்டுபோகின்றன.

இந்தக் காற்றின் தூய்மை குறித்து இரண்டு விவாதங்கள் எழுந்தன. ஒன்று முடிந்துவிட்டது, மற்றது முடியவில்லை. முடிந்தது ஓசோன் பற்றியது. 1970களின் பிற்பகுதியில், மிக உயரத்தில் நெடுநேரம் பறந்த விமானங்களில் பணியாளர்களும் பயணிகளும் இருமலும் நெஞ்சுவலியும் அடைந்தபோது, அடுக்குமண்டலத்தின் ஓசோன் காற்றோடு உள்ளே வருவது தெரியவந்தது. அமெரிக்காவில் அதற்கு வரம்பு விதிக்கப்பட்டது, ஓசோனைச் சாதாரண ஆக்சிஜனாகச் சிதைக்கும் வினையூக்கிப் பெட்டிகளும் வந்து சேர்ந்தன. முடியாதது இன்ஜின் எண்ணெய் பற்றியது. அமுக்கித் தாங்கிகளின் அடைப்பு தேய்ந்தால், டிரைகிரெசில் பாஸ்பேட் என்ற நரம்பு நச்சு கலந்த உயவெண்ணெய் பிளீட் காற்றோடு அறைக்குள் வரக்கூடும். பிஏஇ 146 விமானங்களில் எழுந்த புகார்களை ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் செனட் குழுவொன்று விசாரித்து 2000ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2017இல் வெளியிட்ட ஆய்வோ, அறைக்காற்று சாதாரணக் கட்டட உட்காற்றுக்கு இணையானது அல்லது அதைவிட மேலானது என்று கண்டது. அந்தப் புகார்களும் இந்த ஆய்வும் முரண்படுவதாகத் தோன்றினாலும், அளவிட்ட விமானங்களில் கசிவு நிகழவில்லை என்பதையே இந்த ஆய்வு முதன்மையாகக் காட்டுகிறது. எப்போதோ ஒருமுறை நிகழும் ஒன்றை வழக்கமான பறப்புகளின் சராசரியைக் கொண்டு மறுப்பது பலவீனமான வாதம். அந்த ஒருமுறையிலிருந்து நீண்டகால நோய் வந்தது என்று நிறுவுவதும் அதே அளவு கடினம். எல்லா விமானங்களிலும் நிரந்தர உணரிகளைப் பொருத்தாதவரை இந்த வழக்குக்குத் தீர்ப்பு வராது.

அறையழுத்தத்தின் அடிப்படை, கேட்பவர் எதிர்பார்ப்பதற்கு மாறாக, காற்றைச் செலுத்துவதில் இல்லாமல் வெளியே விடுவதில் இருக்கிறது. பேக்குகளிலிருந்து காற்று ஏறக்குறைய மாறாத அளவில் வந்துகொண்டே இருக்க, வாலை ஒட்டி அமைந்த வெளியேற்ற வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதே உள்ளழுத்தத்தை முடிவு செய்கிறது. அறையின் அழுத்தம் எந்த உயரத்தின் இயல்பழுத்தத்துக்குச் சமமோ அது ‘அறையுயரம்’ எனப்படும். வழக்கமான பறப்பில் அது 8,000 அடியைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்க விதி. கடல்மட்ட அழுத்தத்தையே ஏன் உள்ளே வைத்திருப்பதில்லை என்ற கேள்விக்கு விடை விமானத்தின் சுவரில் இருக்கிறது. வெளியே 35,000 அடி, உள்ளே 8,000 அடி என்றால் வேறுபாடு சதுர அங்குலத்துக்கு ஏழரை பவுண்டு. நூறு சதுர அங்குலப் பரப்புள்ள ஒரு சன்னலை 340 கிலோகிராம் விசை ஒவ்வொரு பயணத்திலும் வெளியே தள்ளி, இறங்கியதும் விட்டுவிடுகிறது. அறையுயரத்தைக் குறைக்கக் குறைக்க இந்தச் சுமையும், அதைத் தாங்கும் உடலின் எடையும் கூடும். சுமை திரும்பத் திரும்ப ஏறியிறங்குவதால் பொருள் நலியும் ‘சோர்வை’ அலுமினியத்தைவிட நன்கு தாங்கும் கார்பன் இழைக்கலவையால் ஆன போயிங் 787, ஏர்பஸ் ஏ350 விமானங்களில் அறையுயரம் 6,000 அடியாகக் குறைந்திருப்பதன் காரணமும் இதுவே.

அழுத்தமூட்டிய அறையோடு 1940இல் பயணிகள் சேவைக்கு வந்த முதல் விமானம் போயிங் 307. அதன் வெற்றி, திரும்பத் திரும்ப ஏறியிறங்கும் சுமை உலோகத்தை என்ன செய்யும் என்பதைக் காட்டவில்லை. அதைக் காட்டியது பிரிட்டனின் காமெட். 1952 மே மாதம் சேவையில் இறங்கிய இந்த முதல் ஜெட் பயணிகள் விமான வகையில் ஒன்று 1954 ஜனவரி 10 அன்று எல்பா தீவருகே 35 பேரோடும், மற்றொன்று ஏப்ரல் 8 அன்று நேப்பிள்ஸ் அருகே 21 பேரோடும் நடுவானில் உடைந்தன. பார்ன்பரோவிலிருந்த அரசு விமான ஆய்வு நிலையத்தில் ஒரு காமெட்டின் உடலை நீர்த்தொட்டியில் வைத்து, உள்ளும் புறமும் நீர் நிரப்பி, உள்ளழுத்தத்தை ஏற்றியிறக்கிச் சோதித்தார்கள். அமுக்கப்பட்ட நீர் காற்றைப்போல் ஆற்றலைச் சேமிக்காததால், உடைந்தாலும் வெடித்துச் சிதறாமல் விரிசல் தொடங்கிய இடம் அப்படியே நிற்கும் என்பதே நீரைத் தேர்ந்ததன் நுட்பம். ஏற்கெனவே பறந்தவற்றோடு சேர்த்து 3,057 சுற்றுகளில் அந்த உடல் கிழிந்தது. சதுரச் சன்னல்களே காமெட்டைக் கொன்றன என்று பரவலாகச் சொல்லப்படுவது பாதி உண்மைதான். எல்பாவருகே கடலிலிருந்து மீட்ட பகுதிகளில் விரிசல் தொடங்கிய இடம், வானொலித் திசைகாட்டியின் ஆன்டெனாவுக்காகக் கூரையில் வெட்டிய திறப்பின் மூலை. பயணிகளின் சன்னல் வடிவத்தைவிட, வெட்டிய எந்தத் திறப்பின் மூலையிலும் இழுவிசை எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு குவிகிறது என்பதே விசாரணையின் மையக் கண்டுபிடிப்பு.

சோர்வு பற்றிய அறிவு கிடைத்த பிறகும் அது அடங்கிவிடவில்லை. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று 24,000 அடியில் கூரையின் பெரும்பகுதியை இழந்தும் தரையிறங்கியது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். தீவுக்குத் தீவு குறுகிய பயணங்களாக அது 89,680 முறை பறந்திருந்தது. பறந்த மணிநேரத்தை எண்ணிப் பயனில்லை, அழுத்தம் ஏறியிறங்கிய எண்ணிக்கையையே கணக்கிட வேண்டும் என்ற பாடத்தோடு, உப்புக்காற்றின் அரிப்பும் விரிசலும் சேர்ந்து வேலை செய்யும் என்ற பாடமும் அங்கே கிடைத்தது.

உலோகம் உறுதியாக நின்ற விபத்துகளே இக்கட்டுரையின் வாதத்துக்கு நெருக்கமானவை. 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரசின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் நோக்கிப் புறப்பட்ட ஹீலியோஸ் நிறுவனத்தின் 737இல் எந்தப் பாகமும் உடையவில்லை. தரையில் அழுத்தக் கசிவைச் சோதித்தபோது ‘கைமுறை’ நிலைக்குத் திருப்பிய தேர்வுக் குமிழ் ‘தானியங்கி’க்குத் திருப்பப்படாமலே நின்றது, விமானிகளும் கவனிக்கவில்லை. வெளியேற்ற வால்வு ஓரளவு திறந்தே இருக்க, விமானம் ஏற ஏற அறையும் அதோடு ஏறியது. எச்சரிக்கை ஒலி எழுந்தது, ஆனால் அதே ஒலிதான் தரையில் புறப்பாட்டு அமைப்பு சரியில்லை என்பதையும் குறித்தது. வானில் அந்த ஒலிக்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்க முடியும் என்பது நிதானமாகச் சிந்திப்பவருக்குத் தெளிவு. ஆக்சிஜன் குறையும் மூளை முதலில் இழப்பது அந்த நிதானத்தைத்தான். 34,000 அடியில் விமானிகள் நினைவிழந்திருக்க, தானியங்கி விமானத்தை ஏதென்ஸ் அருகே வட்டமடிக்க வைத்தது. எரிபொருள் தீர்ந்து அது கிரமத்திகோ அருகே மலையில் மோதி 121 பேரும் இறந்தனர். பிறகு அவ்வகை விமானங்களில் அறையுயரத்துக்கெனத் தனி எச்சரிக்கை விளக்கு கட்டாயமானது. 2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்குப் புறப்பட்ட ஜெட் ஏர்வேஸ் 737இல் பிளீட் சுவிட்சுகள் இயக்கப்படாமல் விடப்பட்டதால் அறையழுத்தம் ஏறாமல் போய், ஆக்சிஜன் முகமூடிகள் விழுந்து, பயணிகளில் முப்பது பேருக்கு மேல் மூக்கிலும் காதிலும் குருதி வடிந்தது. விமானம் மும்பைக்குத் திரும்பியதால் உயிரிழப்பு இல்லை. பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டிலும் தவறை விமானிகளின் தலையில் கட்டுவது எளிது. பணி நெருக்கடியில் மறக்கக்கூடிய ஒரு சுவிட்சின் மேல் நூற்றுக்கும் மேற்பட்டோரின் மூச்சைத் தொங்கவிட்ட வடிவமைப்பும் அதே விசாரணைக்கு உரியது.

உறைபனியின் கதை வேறு இயற்பியலில் தொடங்குகிறது. மேகத்திலுள்ள நீர்த்துளிகள் உறைநிலைக்குக் கீழே பல டிகிரி குளிர்ந்தும் உறையாமல் நீராகவே மிதக்கக்கூடும். மீக்குளிர்ந்த அத்துளிகள் இறக்கையின் முன்விளிம்பில் மோதிய கணமே பனியாக ஒட்டிக்கொள்கின்றன. எடை கூடுவதைவிட, இறக்கையின் வடிவம் கெட்டுத் தூக்குவிசை குலைவதே இதில் பெருங்கேடு. 1930களில் வந்த முதல் தீர்வு ரப்பர் உறை: முன்விளிம்பில் ஒட்டிய உறைக்குள் காற்றை ஏற்றியிறக்கினால் மேலே படிந்த பனி நொறுங்கி விழும். 1940களில் அமெரிக்க வானூர்தி ஆலோசனைக் குழுவின் ஆய்வாளர் லூயிஸ் ரோடர்ட், இறக்கைக்குள் சூடான காற்றைச் செலுத்திப் பனி படியவே விடாத முறையை வளர்த்தெடுத்து, அதற்காக 1946ஆம் ஆண்டின் கோலியர் பரிசைப் பெற்றார். ஜெட் இன்ஜின் வந்தபோது சூடான காற்று கேட்காமலே கிடைத்தது. சுழல்விசிறி கொண்ட டர்போபிராப் விமானங்களின் இன்ஜினில் அவ்வளவு கொதிகாற்றை எடுக்க வழியில்லாததால் அவை இன்றும் ரப்பர் உறையையே நம்புகின்றன. பனி சிறிது தடிக்கும்வரை காத்திருந்தே உறையை இயக்க வேண்டும், இல்லாவிட்டால் பனி ஓடுபோல் நின்று உள்ளே உறை வீணாக அசையும் என்று விமானிகளிடையே நெடுங்காலம் நிலவிய நம்பிக்கை, மெதுவாக ஊதும் பழைய உறைகளுக்கு ஒருவேளை பொருந்தியிருக்கலாம்; விரைவாக ஊதும் இன்றைய உறைகளில் அதற்குச் சான்றில்லை என்று சோதனைகள் காட்டியதால், பனியின் முதல் அறிகுறியிலேயே இயக்குவது விதியாகியிருக்கிறது.

1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ரோஸ்லான் அருகே விழுந்த ஏடிஆர் 72இல் உறைகள் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. சான்றளிப்புக்கு அடிப்படையான மேக அளவுகள் 1940களின் ஆய்வுப் பறப்புகளிலிருந்து வந்தவை; அவை சராசரியாக 50 மைக்ரான் விட்டம் வரையுள்ள துளிகளையே கருதின. அன்று 10,000 அடியில் காத்திருந்த விமானம் சந்தித்தது உறையும் தூறல். பெரிய துளிகள் மோதிய இடத்தில் உறையாமல் பின்னோக்கி ஓடி, உறை முடியும் எல்லைக்கு அப்பால் வரப்பாகப் படிந்து, இறக்கையைச் சாய்க்கும் எய்லரான் தகட்டின் மேல் காற்றோட்டத்தைக் குலைத்தன. தகடு தானே திரும்பிக்கொள்ள, விமானம் உருண்டு விழுந்து 68 பேர் இறந்தனர். உறைகளின் பரப்பு விரைவில் அகலப்படுத்தப்பட்டது. பெருந்துளிகளுக்கான தனிப் பிற்சேர்க்கை அமெரிக்க விதிகளில் இடம்பெற்றதோ 2014இல், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு.

1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் பொட்டோமாக் ஆற்றில் விழுந்த ஏர் புளோரிடா 737, அமைப்புகள் சந்திக்கும் இடம் எவ்வளவு கொடியது என்பதற்கு மற்ற எதையும்விடத் தெளிவான சான்று. பனிப்பொழிவில் புறப்பட்டும் இன்ஜினின் உறைபனித் தடுப்பு அணைக்கப்பட்டே இருந்தது. சூடேறாததால் இன்ஜின் முன்வாயிலின் அழுத்த உணரி பனியால் அடைபட்டது. உந்துவிசையைக் காட்டும் அழுத்த விகித மானி 2.04 என்று பொய் சொன்னது, உண்மையில் விகிதம் 1.70 அளவில்தான் இருந்தது. தடுப்பை இயக்காத பிழை இன்ஜினை நிறுத்தவில்லை, இறக்கையை நேரடியாகத் தொடவுமில்லை. விமானிகள் நம்பிய ஓர் எண்ணைக் கெடுத்தது. இறக்கையில் ஏற்கெனவே படிந்திருந்த பனியோடு இந்தக் குறைந்த விசையும் சேர்ந்து, பாலத்தின் மேல் இருந்த 4 பேர் உட்பட 78 பேரைக் கொன்றது. 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலில் 228 பேரோடு மூழ்கிய ஏர் பிரான்ஸ் ஏ330இலும் தொடக்கம் இதே இனத்தைச் சேர்ந்தது: வேகத்தை உணரும், மின்சூடேற்றிய பிடோ குழாய்களைப் பனிப்படிகங்கள் சற்றுநேரம் அடைத்து, வேகமானி பொய்யாயிற்று.

பிளீட் காற்றையே கைவிடுவது என்ற எதிர்முனைத் தீர்வு 2011 அக்டோபரில் போயிங் 787 சேவைக்கு வந்தபோது நடைமுறைக்கு வந்தது. அதில் அறைக்காற்றை உடலின் அடிப்புறத் திறப்புகள் வழியே இழுத்து மின்சார அமுக்கிகள் அமுக்குகின்றன. இறக்கையின் முன்விளிம்பை மின்தகடுகள் சூடேற்றுகின்றன. இன்ஜினைத் தொடக்குவதும் மின்சாரமே. இதற்காக இரண்டு இன்ஜின்களிலும் சேர்த்து, ஒவ்வொன்றும் 250 கிலோவோல்ட்-ஆம்பியர் திறனுள்ள நான்கு மின்னாக்கிகள் தேவைப்பட்டன. இம்முறை முற்றிலும் புதியது என்றும் சொல்ல முடியாது. போயிங் 707, டிசி-8 விமானங்கள் பிளீட்டை நேரே உள்ளே விடாமல், அதைக் கொண்டு தனி அமுக்கியைச் சுழற்றி வெளிக்காற்றை அமுக்கின. 787 எண்ணெய்க் கசிவின் வழியை அடைத்தது, தேவைக்கு மேல் அமுக்கிய காற்றை வீணாகத் தணிக்கும் செலவையும் குறைத்தது. ஆனால் மின்னாக்கி, மின்மாற்றி, அவற்றைக் குளிர்விக்கும் நீர்மச் சுற்று என்று புதிய எடையையும் புதிய இணைப்புகளையும் தேடிக்கொண்டது. சில ஆண்டுகளுக்குப் பின் வந்த ஏர்பஸ் ஏ350 பிளீட்டிலேயே நின்றும் வணிகத்தில் வென்றிருப்பது, இரு கணக்குகளும் ஏறத்தாழச் சமனாகவே முடிகின்றன என்பதைக் காட்டுகிறது.

787இலும் ஓரிடத்தில் மட்டும் பிளீட் எஞ்சியிருக்கிறது: இன்ஜின் வாயிலின் உதட்டைச் சூடேற்றுவதற்கு. சூடு வேண்டிய இடம் சூடான காற்று பிறக்கும் இடத்துக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கையில் மின்கம்பி இழுப்பதில் பொருளில்லை. ஆயினும் அந்த எளிய குறுகிய குழாயும் தன் பங்குக்கு ஒரு புதிரை எழுப்பியிருக்கிறது. இதே வகைக் குழாயுள்ள 737 மேக்ஸ் விமானங்களின் வாயிலுறை இழைக்கலவையால் ஆனது. ஈரமில்லாத காற்றில் உறைபனித் தடுப்பு தேவையின்றி ஓடிக்கொண்டிருந்தால், சூட்டை வாங்கிக்கொள்ள நீரோ பனியோ இல்லாததால் அவ்வுறை அளவுமீறிச் சூடேறி உடையக்கூடும் என்று தெரியவந்தது. 2023 ஆகஸ்டில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இட்ட ஆணை, வறண்ட காற்றில் அதை ஐந்து நிமிடத்துக்கு மேல் இயக்கக்கூடாது என்கிறது. மேகத்தை விட்டு வெளியே வந்ததும் சுவிட்சை அணைக்கும் பொறுப்பு, மறுவடிவமைத்த உறை வரும்வரை, விமானியின் நினைவிடம் விடப்பட்டிருக்கிறது.